குழந்தைப் பேற்றுக்கான சிகிச்சைகள்: எதை, எப்பொழுது தேர்வது?

நெசவாளரும் பயிரிடுவோரும் கலந்து அங்கத்தினராயுள்ள கடன் சங்கமொன்றிற்குச் சென்ற ஆண்டு நாம் ஆய்வுக்குச் சென்றிருந்தபொழுது, முடிவு செய்யப்படாமல் நின்ற மனுக்களின் கட்டு நம் முன் வைக்கப்பட்டது. கறவை மாடு, தறி மராமத்து, கிணற்று மோட்டார் என்று காரணங்கள் தெளிவாக எழுதப்பட்டிருந்த மனுக்களுக்கிடையே, இரண்டு லட்சம் ரூபாய் கோரிய ஒரு மனுவில் 'மருத்துவச் செலவு' என்று மட்டும் இருந்தது. என்ன மருத்துவம் என்று செயலாளரைக் கேட்டோம். அவர் சற்றுத் தயங்கி, "குழந்தை இல்லைங்க" என்று மெல்லச் சொன்னார்.

மனுதாரர் 36 வயதுள்ள நெசவாளர். அவர் மனைவிக்கு வயது 31. மணமாகி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. ஐந்து ஆண்டுகளாக அவ்வம்மாள் மாத்திரை உண்டு வருகிறார். இருமுறை கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்திருக்கிறார்கள். செல்லாத கோயில் இல்லை. இப்பொழுது நகரத்திலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் விளம்பரப் பலகையைக் கண்டு, நேரே சோதனைக் குழாய் முறைக்கே செல்வதென்று தீர்மானித்துக் கடனுக்கு வந்திருக்கிறார்கள். உறவினர் ஒருவரோ, விந்தணுவைக் குழல் வழியாகக் கருப்பையினுள் செலுத்தும் சிறிய சிகிச்சையை முதலில் செய்யுங்கள், செலவு குறைவு என்கிறாராம். இருவரையும் சங்கத்திற்கு வரவழைத்து விசாரித்தபொழுது அவ்வம்மாள் நம்மிடம் கேட்ட கேள்வி ஒன்றே: "ஐயா, இதுல எதுங்க நல்லது?"

நாம் கூட்டுறவு படித்தவர்களேயன்றி வைத்தியம் படித்தவர்களல்லோம். ஆயினும் அக்கேள்விக்கு விடை கூறாமல் அந்த மனுவில் குறிப்பெழுத மனம் இடந்தரவில்லை. அரசு மருத்துவமனைப் பெண் மருத்துவர் ஒருவரிடம் பன்முறை கேட்டும், நூல்களைப் பார்த்தும் நாம் அறிந்துகொண்டவற்றை அங்கத்தினர் யாவருக்கும் பயன்படும் பொருட்டு இங்கு எழுதுகிறோம். இவ்விஷயம் நம் பத்திரிகைக்கு ஏற்றதா என்று சிலர் கருதக்கூடும். சங்கத்தின் பணம் இதில் செல்கிறது. அங்கத்தினரின் தேகநலமும் நாட்களும் செல்கின்றன. உலகச் சுகாதார ஸ்தாபனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வயது வந்தோரில் ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் இக்குறையைச் சந்திக்கின்றனர். ஆகவே சில நூறு குடும்பங்களுள்ள எந்தச் சங்கத்திலும் இது ஒருவர் இருவருடைய விஷயமாக இருக்க முடியாது. பேசாமலிருப்பதனால் இல்லையென்று ஆகிவிடாது.

எது நல்லது என்ற கேள்விக்குக் கூட்டுறவு வழக்கிலேயே விடை கூறலாம். குறுகியகாலக் கடன், மத்தியகாலக் கடன், நீண்டகாலக் கடன் என்று மூவகை உண்டு. இவற்றுள் எது நல்லது என்று எவரும் கேட்பதில்லை. எதற்காக என்றே கேட்கிறோம். விதைக்கும் உரத்திற்கும் குறுகியகாலக் கடன். கறவை மாட்டுக்கு மத்தியகாலக் கடன். கிணறு வெட்ட நீண்டகாலக் கடன். பயிர்க் கடனை வாங்கிக் கிணறு வெட்டத் தொடங்கியவர் பாதிக் கிணற்றோடு தவணைக்கு நின்றதை நாம் கண்டிருக்கிறோம். இச்சிகிச்சைகளும் அத்தகையனவே. சிறியது, பெரியது, புதியது, பழையது என்று தரம் பிரிப்பதில் பயனில்லை. குறை எங்கே இருக்கிறது, மனைவிக்கு வயது என்ன என்னும் இரண்டைக் கொண்டே சிகிச்சை அமையும். குறை இன்னதென்று அறியுமுன் சிகிச்சையைத் தேர்வது, மனுவைப் படியாமல் கடன் வழங்குவதை ஒக்கும்.

முதலில், எப்பொழுது மருத்துவரிடம் செல்வது? தம்பதிகள் ஓராண்டு காலம் தடையின்றிக் கூடி வாழ்ந்தும் கரு உண்டாகாவிடில் சோதனைக்குச் செல்லலாம். மனைவிக்கு 35 வயது நிறைந்துவிட்டால் ஆறு மாதத்திற்குமேல் காத்திருத்தல் கூடாது. மாதவிலக்கு ஒழுங்கற்றிருந்தாலும், முன்னர் க்ஷயரோகமோ வயிற்று அறுவையோ உண்டாகியிருந்தாலும் அவ்வளவும் காத்திருக்க வேண்டுவதில்லை. இதற்கு மாறாக, மணமான மூன்றாம் மாதமே மருமகளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் வீண். நூறு தம்பதிகளில் எண்பதுக்கு மேற்பட்டோர்க்கு ஓராண்டிற்குள் தானாகவே கரு உண்டாகிறது. எஞ்சியோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இரண்டாம் ஆண்டில் உண்டாகிறது.

இங்கு ஒன்றைச் சொல்லவேண்டும். கருமுட்டை, அடுத்த மாதவிலக்கிற்கு ஏறத்தாழப் பதினான்கு நாட்கள் முன்னர் வெளிப்படுகிறது. வெளிப்பட்டபின் ஒரு நாளளவே அதற்கு உயிர். விந்தணு ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும். ஆகவே மாதத்தில் ஆறு நாட்களே கருவுறத்தக்க நாட்கள். எமது சரகத்தில் கணவர் பின்னலாடை வேலைக்கு வெளியூர் சென்று மாதம் ஒருமுறை இரண்டு நாள் வந்து போகும் குடும்பங்கள் பல உண்டு. அவ்விரண்டு நாட்கள் இவ்வாறில் விழாமற் போனால் எந்த வைத்தியமும் என்ன செய்யும்? இதை மருத்துவரிடம் மறைக்காமற் கூறுவோர் சிலரே.

அடுத்தது சோதனை. இதில் முதற் சோதனை கணவருக்கே செய்யப்படவேண்டும் என்பதை நாம் அழுத்திக் கூறுகிறோம். காரணம் எளிது. விந்துச் சோதனை செலவு மிகக் குறைந்தது. ஊசியில்லை, வலியில்லை, ஒரு நாளில் முடிவது. மனைவிக்குரிய சோதனைகளோ பல; சிலவற்றில் வலியுமுண்டு. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் கணவர் பக்கத்திலும் குறை தனித்தோ மனைவியின் குறையோடு சேர்ந்தோ காணப்படுகிறது. அவ்வாறிருக்க, மனைவியை மட்டும் ஆண்டுக்கணக்கில் சோதிப்பது, இருவர் கையெழுத்திட்ட பத்திரத்தில் ஒருவரை மட்டும் விசாரிப்பது போன்றதே. நம் மனுதாரரை நோக்கி, நீங்கள் சோதித்துக்கொண்டீர்களா என்று கேட்டோம். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தாயார், அச்சங்கத்திலேயே நாற்பது ஆண்டு அங்கத்தினர், உடனிருந்தார். "எம்மகனுக்கு என்னங்க குறை? ஆள் நல்லாத்தானே இருக்கறான்" என்றார். தேகக்கட்டுக்கும் விந்தணுவின் எண்ணிக்கைக்கும் சம்பந்தமில்லை என்பதை அவ்வம்மையாருக்கு விளக்க நமக்கு அரை நாழிகை பிடித்தது.

இச்சோதனைக்கு இரண்டு முதல் ஏழு நாட்கள் வரை சேர்க்கையின்றி இருந்து விந்தைத் தரவேண்டும். உலகச் சுகாதார ஸ்தாபனம் 2021இல் வகுத்த கீழெல்லைப்படி, ஒரு மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் அணுக்களும், அவற்றில் நூற்றுக்கு 42 அளவேனும் அசைவுள்ளனவாயும் இருத்தல் வேண்டும். எண்ணிக்கை சற்றுக் குறைந்ததனாலேயே குழந்தை பிறவாது என்று பொருளன்று. விந்தணு உருவாகி வெளிவர இரண்டரை மாதத்திற்கு மேல் ஆகிறபடியால், முதற்சோதனை குறைவாயிருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்ப்பதே முறை. சென்ற மாதம் வந்த கடுங்காய்ச்சலும் அதனைக் குறைத்திருக்கக்கூடும்.

புகையிலை, மிகுந்த குடி, விதைப்பையின் நரம்பு வீக்கம், இடைவிடாத வெப்பம் ஆகியவை விந்தணுவைக் குறைக்கும். சாயப்பட்டறையில் கொதி தொட்டியருகே நாள் முழுதும் நிற்பவர்கள் இதனை மருத்துவரிடம் கூறவேண்டும். உடலைத் திரட்டுவதற்காகச் சில இளைஞர்கள் போட்டுக்கொள்ளும் ஆண்மைச் சுரப்பு ஊசி, பெயருக்கு மாறாக விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும். பயிரிடும் அன்பர்களுக்கு மற்றொரு செய்தி. 1977இல் அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் பூச்சிமருந்து ஆலையொன்றில் வேலை செய்தவர்கள், தங்களில் பலருக்குக் குழந்தையில்லை என்பதைத் தமக்குள் பேசியே கண்டுகொண்டனர். சோதித்ததில், மண்ணிலுள்ள நூற்புழுவைக் கொல்லும் டி.பி.சி.பி. என்ற மருந்தைக் கையாண்டவர்களிடம் விந்தணு மிகக் குறைந்தும், சிலரிடம் அறவே இல்லாமலும் இருந்தது. 1979இல் அந்நாட்டில் அதன் உபயோகம் பெரும்பாலும் நிறுத்தப்பட்டது. இன்று நாம் தெளிக்கும் எல்லா மருந்துகளும் அத்தகையன என்று கூறவில்லை. கையுறையும் முகமூடியுமின்றி, நனைந்த வேட்டியோடு மாலை வரை தெளிப்பவர்கள் இதனை நினைவில் வைத்தல் நலம்.

மனைவிக்குரிய சோதனைகளின் நோக்கம் மூன்று. கருமுட்டை மாதந்தோறும் வெளிப்படுகிறதா, கருக்குழாய்கள் திறந்துள்ளனவா, கருப்பையில் கட்டியோ ஒட்டுதலோ உண்டா என்பவையே அவை. தைராய்டுச் சுரப்பியின் நிலையை இரத்தத்தில் பார்ப்பார்கள். கருக்குழாய் திறந்திருப்பதை, மருந்தைக் கருப்பை வழியே செலுத்தி எக்ஸ்ரே படமெடுத்து அறிவார்கள். நம் நாட்டில் கருக்குழாய் அடைபடுவதற்கு இனப்பெருக்க உறுப்புகளில் பற்றிய க்ஷயரோகம் ஒரு முக்கிய காரணம். இருமலின்றியே இது இருக்கக்கூடும். இதற்கு அரசு மருத்துவமனையில் இலவச மருந்துண்டு. ஆனால் ஒருமுறை கெட்டுப்போன குழாயை மருந்து மீட்பதில்லை.

இனிச் சிகிச்சைகளுக்கு வருவோம்.

கருமுட்டை ஒழுங்காக வெளிப்படாமை ஒன்றே குறையாயின், மாத்திரையே முதற் சிகிச்சை. சினைப்பை நீர்க்கட்டி என்று இந்நாளில் பரவலாகப் பேசப்படும் நிலையில் பெரும்பாலும் இக்குறையே உண்டு. உடல் பருத்தவர்கள் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைத்தாலே சிலருக்கு மாதவிலக்கு ஒழுங்குபடுகிறது. அதற்குமேல் குளோமிபீன் என்ற மாத்திரை நெடுங்காலமாக வழங்கி வந்தது. 2014இல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சியில், இந்நிலையுள்ள 750 பெண்களில் லெட்ரோஜோல் உண்டவர்களில் நூற்றுக்கு 27.5 பேரும், குளோமிபீன் உண்டவர்களில் 19.1 பேரும் குழந்தை பெற்றனர். அதுமுதல் லெட்ரோஜோலே முன்னிடம் பெற்றது. மாத்திரைச் செலவு சொற்பம். ஆனால் கணவரின் விந்தும், குழாய்களின் நிலையும் பாராமல் ஐந்து ஆண்டுகள் இதையே உண்பது என்ன சிகிச்சை? நீர் வராத வாய்க்காலுக்கு மடை திறந்து வைத்துக் காத்திருப்பதே ஆகும்.

ஐ.யு.ஐ. என்பது, விந்தைக் கழுவி, நன்கு அசையும் அணுக்களைத் திரட்டி, கருமுட்டை வெளிப்படும் வேளையில் மெல்லிய குழல் மூலம் கருப்பையினுள் விடுவது. இதற்கு ஒரு கருக்குழாயேனும் திறந்திருக்கவேண்டும். விந்தணு ஓரளவேனும் இருக்கவேண்டும். விந்தணு சற்றே குறைந்தவர்களுக்கும், சோதனையில் காரணமே புலப்படாதவர்களுக்கும், மாத்திரையோடு சேர்த்து இதனைச் செய்கிறார்கள். ஒருமுறைக்குச் சில ஆயிரம் ரூபாயில் முடியும். வெற்றியோ நூற்றுக்குப் பத்து, பதினைந்து என்ற அளவே. இங்கு அங்கத்தினர்கள் ஒரு கணக்குப் பிழையைச் செய்கிறார்கள். ஒரு தடவைக்குப் பத்து வீதம் என்றால் பத்துத் தடவையில் நூறு வீதம் என்று எண்ணுகிறார்கள். நூறு தம்பதிகளை எடுத்துக்கொள்வோம். முதல் தடவையில் 10 பேர் பயனடைவர். மிஞ்சிய 90 பேரில் இரண்டாம் தடவை 9 பேர். மிஞ்சிய 81 பேரில் மூன்றாம் தடவை 8 பேர். ஆக மூன்று தடவையில் 27 பேர். 73 பேருக்குப் பயனில்லை. மேலும், எளிதில் கருவுறத்தக்கவர்கள் முதலிலேயே பயன் பெற்று நீங்குகிறபடியால், பின்வரும் தடவைகளில் விகிதம் இன்னும் இறங்கும். ஆகவே மூன்று நான்கு முறைக்குப்பின் நின்று யோசிப்பதே வழக்கம். இரண்டு குழாய்களும் அடைபட்ட ஒருவருக்கு இதனைச் செய்தாலோ, நூறு தடவை செய்தாலும் விகிதம் பூஜ்யமே.

ஐ.வி.எப். என்னும் சோதனைக் குழாய் முறை இவற்றினும் பெரியது. ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டு நாட்கள் ஊசி போட்டுப் பல கருமுட்டைகளை வளரச் செய்து, மயக்க மருந்து கொடுத்து அவற்றை ஊசியால் எடுத்து, ஆய்வுக்கூடத்தில் விந்தணுவோடு சேர்த்துக் கருவாக்கி, மூன்று முதல் ஐந்து நாட்களுக்குப்பின் கருப்பையில் வைக்கிறார்கள். 1978 ஜூலை 25ஆம் தேதி இங்கிலாந்தில் ஓல்டாம் நகரில் இம்முறையால் முதற் குழந்தை பிறந்தது. இதனைக் கண்ட ராபர்ட் எட்வர்ட்ஸுக்கு 2010இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே 1978இல் அக்டோபர் 3ஆம் தேதி கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயர் தம் முயற்சியால் ஒரு பெண் குழந்தையைப் பிறப்பித்தார். அக்காலத்து அதிகாரிகள் அதனை நம்பவில்லை. 1981இல் அவர் மறைந்தபின்னரே அவர் பெருமை நாட்டுக்குத் தெரிந்தது. இன்று இம்முறை பெரிய நகரங்களில் மட்டுமின்றி மாவட்டத் தலைநகர்களிலும் நடைபெறுகிறது.

இருகுழாயும் அடைபட்டவர்களுக்கு இதுவே வழி. அடைபட்ட குழாயில் நீர் கோத்திருந்தால், முன்னதாக அக்குழாயை அகற்றுவதோ அடைப்பதோ வெற்றியை உயர்த்துமென்று தெரிந்திருக்கிறது. விலைப்பட்டியலோடு இதையும் கேட்கவேண்டும். சிறு சிகிச்சைகள் பயன்படாதவர்களுக்கும், விந்தணு மிகக் குறைந்தவர்களுக்கும் இதுவே அடுத்த படி. ஆனால் படிகளை ஒவ்வொன்றாகத்தான் ஏறவேண்டுமென்பது எல்லோருக்கும் பொருந்தாது. மனைவிக்கு 28 வயதாயின் காத்திருக்க நாளுண்டு. 38 ஆகிவிட்டால், சிறு சிகிச்சையில் ஓராண்டைக் கழிப்பது மலிவாகத் தோன்றினும் மிகப் பெருஞ் செலவாகும். இங்கிலாந்தில் இச்சிகிச்சைகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு வெளியிட்டு வரும் கணக்குகளின்படி, சொந்தக் கருமுட்டையால் உண்டான கரு ஒன்றை வைத்தால் குழந்தை பிறப்பது 35 வயதுக்குட்பட்டோரில் மூன்றில் ஒன்றையொட்டியும், 40 தாண்டியவர்களில் பத்தில் ஒன்றையொட்டியும், 43, 44 வயதில் இருபதில் ஒன்றையொட்டியும் உள்ளது. முட்டையின் வயதை எந்த ஊசியும் குறைப்பதில்லை.

இக்ஸி என்பது ஐ.வி.எப். முறையிலேயே ஒரு வகை. அதில் ஒரே ஒரு விந்தணுவை நுண்ணிய ஊசியால் கருமுட்டையினுள் செலுத்துகிறார்கள். 1992இல் பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரத்தார் இதனால் குழந்தைகள் பிறந்ததை வெளியிட்டனர். விந்தணு மிகக் குறைந்த ஆடவர்க்கு இது பெரும் வரம். விந்தில் அணுவே இல்லாதவர்களிலும், பாதை மட்டும் அடைபட்டவர்களாயின், விதையிலிருந்தே அணுவை ஊசியால் எடுத்து இம்முறையைச் செய்யலாம். ஆனால் விந்தணு செம்மையாக உள்ளவர்க்கும் 'இதுதான் உயர்ந்தது' என்று கூறிக் கூடுதல் கட்டணம் வாங்கும் வழக்கம் உண்டு. 2021இல் வியத்நாமில் அத்தகைய 1,064 தம்பதிகளிடம் செய்த ஆராய்ச்சியில், சாதாரண முறையைவிட இதனால் மேன்மை இருப்பதாக நிரூபிக்கப்படவில்லை.

இம்முறைகளில் அபாயமும் உண்டு. ஊசிக்குச் சினைப்பை அளவுகடந்து வீங்கினால் வயிறு உப்பி, மூச்சுத்திணறி, சிறுநீர் குறையும். அப்பொழுது மறுநாள் வரை காத்திராமல் மருத்துவமனைக்கு ஓடவேண்டும். இரண்டு மூன்று கருக்களை வைத்தால் இரட்டைப் பிள்ளை கிடைக்குமே என்று மகிழ்வோர் உளர். இரட்டைப் பிள்ளைகள் குறைமாதத்தில் பிறப்பது மிகுதி; கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காக்கும் செலவு சிகிச்சைச் செலவையே விஞ்சிவிடக்கூடும். ஒரு கருவை வைத்து, எஞ்சியவற்றை உறைய வைத்துக்கொள்வது பலருக்கு ஏற்றது.

இனி நமது தொழிலுக்கு நெருங்கிய பகுதிக்கு வருகிறோம். விளம்பரத்தில் காணும் வெற்றி விகிதத்தை ஐந்தொகையைப் படிப்பது போலப் படிக்கவேண்டும். இலாபம் எவ்வளவு என்பதற்கு முன், எதன்மேல் இலாபம் என்று கேட்கிறோமல்லவா? உதாரணமாக, நூறு பெண்கள் ஊசியைத் தொடங்கினர் என்று வைத்துக்கொள்வோம். 75 பேருக்கே கரு வைக்க முடிந்தது. அவர்களில் 35 பேருக்கு இரத்தச் சோதனையில் கரு தெரிந்தது. 27 பேர் குழந்தை பெற்றனர். 35ஐ 75ஆல் வகுத்து 'நூற்றுக்கு 47 வெற்றி' என்று பலகையில் எழுதலாம், பொய்யன்று. ஆயினும் பணம் கட்டியவருக்கு வேண்டியது 27 என்ற எண்ணே. ஆகவே, தொடங்கியவர்களில் எத்தனை பேர் குழந்தையோடு வீட்டுக்குச் சென்றனர், அதிலும் எம் வயதினர் எத்தனை பேர் என்று கேளுங்கள். இக்கேள்விக்கு முகம் சுளிக்கும் இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.

கட்டணச் சீட்டின் அடியில் துணைச் சிகிச்சைகள் சில சேர்க்கப்பட்டிருக்கும். கருப்பையின் உட்பூச்சை முன்கூட்டிச் சுரண்டினால் கரு நன்கு ஒட்டும் என்பது அவற்றுள் ஒன்று. 2019இல் ஐந்து நாடுகளில் 1,364 பெண்களிடம் இதனைச் சோதித்து வெளியிட்டார்கள். சுரண்டியவர்களிலும் சுரண்டாதவர்களிலும் குழந்தை பெற்றவர்கள் நூற்றுக்கு 26 பேரே. பாவுக்கு வேண்டாத கஞ்சியை ஏற்றி எடைக்குக் காசு வாங்கும் தந்திரத்தை அறிந்த நெசவாளர்க்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

சட்டத்தையும் அறிந்திருத்தல் அவசியம். 2021ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு பெற்ற இடத்திலேயே இச்சிகிச்சை நடைபெறவேண்டும். மனைவிக்கு 21 முதல் 50, கணவருக்கு 21 முதல் 55 என்பது வயது வரம்பு. இருவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். புரியாத பாஷையில் நீட்டிய தாளில் கையெழுத்திட வேண்டாம். ஆணா பெண்ணா என்று தேர்வது குற்றம். கருமுட்டை தானம் செய்வோர் 23 முதல் 35 வயதினராயிருக்க வேண்டும்; வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே தரலாம்; ஏழு முட்டைகளுக்குமேல் எடுக்கக்கூடாது; விற்பது குற்றம். 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியொருத்தியிடம் பொய் அடையாளச் சான்றைக் கொண்டு பன்முறை கருமுட்டை எடுத்த கொடுமை வெளிவந்தது. கடன்பட்ட குடும்பங்களைத் தேடித் தரகர்கள் வருவது எமது சரகத்திலும் காதில் விழுகிறது. அத்தகையவர் வந்தால் சங்கத்தாரிடம் கூறத் தயங்கவேண்டாம்.

செலவைப் பற்றி. தனியார் இடங்களில் ஐ.வி.எப். ஒரு முறைக்குப் பெரும்பாலும் லட்சத்தைத் தாண்டுகிறது. இரண்டு லட்சத்திற்கு மேலும் ஆவதுண்டு. அடிப்படைச் சோதனைகளும் மாத்திரைகளும் அரசு மருத்துவமனைகளில் கிடைக்கின்றன. 2024இல் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் செயற்கைக் கருத்தரிப்புக்கென்றே ஒரு மையம் திறக்கப்பட்டது. கடன் வாங்குவோர் ஒரு முறைக்குரிய தொகையை மட்டும் வாங்காமல், எத்தனை முறை வரை செல்வது, எவ்விடத்தில் நிறுத்துவது என்பதை இருவரும் முன்னதாகப் பேசி முடிவு செய்வது நலம். தறியை விற்று மூன்றாம் முறைக்குச் சென்றவர்களை நாம் அறிவோம். நிறுத்துவதும் ஒரு தேர்வே. சட்டப்படி தத்தெடுத்து மகிழ்வோடிருக்கும் அங்கத்தினரும் நம் சங்கங்களில் உளர்.

நம் மனுதாரரிடம், சோதனை முடிந்தபின் மனுவைப் பரிசீலிக்கலாம் என்று கூறி அனுப்பினோம். மறுவாரமே அரசு மருத்துவமனையில் கணவர் சோதித்துக்கொண்டார். விந்தில் ஓர் அணுகூட இல்லை. மறுமுறையும் அவ்வாறே. சிறு பிராயத்தில் அவருக்கு இருபுறமும் குடலிறக்க அறுவை நடந்ததாம். அதில் விந்துக்குழாய்கள் அறுபட்டு அடைந்திருக்கக்கூடும் என்றும், விதையில் அணு உண்டாவதற்குத் தடையில்லை என்றும் மருத்துவர் கண்டார். மனைவியிடம் குறை ஏதுமில்லை. ஐந்து ஆண்டு மாத்திரைகளும், இருமுறை சுரண்டலும் குறையில்லாத ஒருவருக்கே நடந்திருக்கின்றன. உறவினர் சொன்ன மலிவான சிகிச்சை இவர்களுக்கு ஒருகாலும் பயன்பட்டிராது. விதையிலிருந்து அணு எடுத்துச் செய்யும் இக்ஸியே இவர்களுக்குரியது. அதாவது, அவர்கள் விளம்பரத்தைப் பார்த்துத் தற்செயலாகச் சென்ற பக்கமே சரியான பக்கம். ஆனால் முதலாம் ஆண்டிலேயே சென்றிருக்கலாம், மனைவிக்கு அப்பொழுது வயது 24.

பதிவு பெற்ற மூன்று இடங்களில் எழுத்து மூலமாகக் கட்டண விவரம் வாங்கி வரச் சொன்னோம். துணைச் சிகிச்சைகளை நீக்கியபின் ஓரிடத்தில் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தில் அடங்கியது. அத்தொகைக்கு மனு திருத்தப்பட்டு, நிர்வாகக் குழுவில் மஞ்சூராயிற்று. காரணம் என்ற கட்டத்தில் 'மருத்துவச் செலவு' என்பதை அடித்துவிட்டு, 'குழந்தைப் பேற்றுச் சிகிச்சை, கணவருக்காக' என்று மனுதாரரே தம் கையால் எழுதினார். ஜாமீன்தாரராக யாரைப் போடுவது என்று செயலாளர் கேட்டபொழுது, பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் தாயார் எழுந்து வந்து, மருமகளின் பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டார். பொங்கல் ஆர்டர் முடிந்ததும் நகரத்திற்குப் போகிறார்கள்.